வேகம் உதவாத இரவு: வவுனியா, 2008 செப்டம்பர் 9

2008 செப்டம்பர் 9 விடியப்புறம், மூன்று மணியளவில், வவுனியாவில் இருந்த வன்னிப் பாதுகாப்புப் படைத் தலைமையகம் ஒரே நேரத்தில் மூன்று வழிகளில் தாக்கப்பட்டது. வடக்கிலிருந்து ஆட்லறி எறிகணைகள் வந்து விழுந்தன. விடுதலைப் புலிகளின் தற்கொலைப் படையினரான கரும்புலிகள் முகாமுக்குள் புகுந்தார்கள். மேலே விடுதலைப் புலிகளின் இரண்டு இலகு விமானங்கள் குண்டு போட்டன. பத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். உள்ளே போன கரும்புலிகளும் இறந்தார்கள். முகாமில் இருந்த ராடர் நிலையமும் தாக்குதலின் இலக்குகளில் ஒன்று. அங்கே பணியாற்றிய இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவர் காயப்பட்டார்கள்.

திரும்பிப் போன விமானங்களில் ஒன்றைத் தன் எஃப்-7 போர் விமானம் முல்லைத்தீவு வானில் சுட்டு வீழ்த்தியதாக இலங்கை விமானப்படை அறிவித்தது. இரண்டும் பத்திரமாகத் தளம் திரும்பிவிட்டன என்றார்கள் புலிகள்.

போர் விமானி என்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார், அதற்கு எப்படித் தயாராகிறார் என்று விளங்கிக்கொள்ள இந்த ஒரு இரவு போதும் என்பது என் எண்ணம். சாகசம், வேகம், ஒலியை மிஞ்சும் பாய்ச்சல் என்று நாம் கேள்விப்பட்டவை எதுவும் அன்று உதவவில்லை. உதவியிருக்கக்கூடியவை வேறு.

நேரக் கணக்கு

புலிகள் வைத்திருந்தவை செக் நாட்டுத் தயாரிப்பான சிலின் 143. நான்கு இருக்கை, ஒரு பிஸ்டன் எஞ்சின், 235 குதிரைவலு. பறப்புக் கழகங்களில் பழகுவதற்குச் செய்த விமானம். அதன் வயிற்றுக்குக் கீழே குண்டு மாட்டும் ஏற்பாட்டை அவர்களாகவே செய்துகொண்டார்கள். சாதாரணமாக மணிக்கு 220 கிலோமீற்றர் அளவில் பறக்கும்.

அப்போது புலிகள் கையில் இருந்த முல்லைத்தீவிலிருந்து வவுனியா நேர்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். இந்த வேகத்தில் 18 நிமிடம். எஃப்-7 நின்ற இடமோ கொழும்புக்கு வடக்கே உள்ள கட்டுநாயக்க. அங்கிருந்து வவுனியா ஏறத்தாழ 185 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலும் 12 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலகு விமானம் கிளம்பி ஐந்து நிமிடத்தில் ராடரில் தெரிகிறது என்று வைப்போம். தயார் நிலையில் உட்கார்ந்திருக்கும் விமானி எஞ்சினை முடுக்கி மேலெழும்ப இன்னும் ஐந்து நிமிடம். வவுனியாவுக்கு மேலே ஜெட் வந்து சேரும்போது 23ஆவது நிமிடம் நடக்கும். குண்டு விழுந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இலகு விமானம் காட்டுக்கு மேலால் வீடு போய்க்கொண்டிருக்கும். அது தரையிறங்க இன்னும் 13 நிமிடம்தான். ஜெட்டுக்குக் கிடைக்கும் முழு வாய்ப்பும் அந்த 13 நிமிடம். எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் நடந்தால்தான் அதுவும்.

விமானப்படை சொன்ன இடம் முல்லைத்தீவு வான் என்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. வேறு எங்கேயும் பிடித்திருக்க வழியில்லை. ஆனால் இடம் பொருந்துவதை வைத்து அது விழுந்தது என்று முடிவு செய்ய முடியாது.

மெதுவாகப் போகிறவனைப் பிடிப்பது

எஃப்-7 என்பது மிக்-21இன் சீன வடிவம். உயரத்தில் ஒலியின் இரு மடங்கு வேகம் போகும். 2008 தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த எஃப்-7 ஜி வகையில் ராடரும் வெப்பத்தைத் தேடும் ஏவுகணைகளும் இருந்தன. புலிகளின் விமானங்களை இரவில் பிடிப்பதற்கென்றே அவை வாங்கப்பட்டன.

சிக்கல் அதன் மறுமுனையில். இந்த விமானம் தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில். அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது. சிலின் முழு வேகத்தில் பறந்தாலும் அந்த எண்ணை எட்டாது. அதாவது, துரத்துகிறவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் துரத்தப்படுகிறவரைத் தாண்டித்தான் போவார். ஏ-9 வீதியில் பாய்ந்து வரும் பஸ், ஒழுங்கைக்குள் திரும்பும் சைக்கிளைத் துரத்துவது மாதிரி.

திரும்பும் வட்டத்தைப் பாருங்கள். மணிக்கு 180 கிலோமீற்றரில் பறக்கும் சிலின், 60 பாகை சரிந்து திரும்பினால் வட்டத்தின் ஆரை 150 மீற்றர். அதே சரிவில் 450 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பும் ஜெட்டுக்கு 900 மீற்றருக்கு மேல் வேண்டும். ஜெட் ஒரு சுற்று முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது, மற்றது வேறு எங்கோ மரநுனிக்குச் சற்று மேலே போய்க்கொண்டிருக்கும்.

பீரங்கியால் சுடலாமே? ஜெட் 400இல், இலக்கு 200இல் என்றால், இடைவெளி நொடிக்கு 55 மீற்றர் வீதம் குறையும். 400 மீற்றரில் சுடத் தொடங்கி, மோதாமல் விலக 200 மீற்றரில் நிறுத்த வேண்டும். நாலு நொடிக்கும் குறைவு. அதற்குள் விளக்கில்லாத சின்ன விமானம் ஒன்றை இருட்டில் கண்டு, குறிவைத்து, சுட்டு, விலக வேண்டும். கீழே 100 மீற்றரில் காடு.

சரி, ஏவுகணை? வெப்பம் தேடும் ஏவுகணை ஜெட் எஞ்சினின் கொதிக்கும் வாலைப் பிடிக்கப் பழக்கப்பட்டது. பிஸ்டன் எஞ்சினின் புகைக்குழாய் தரும் சூடு அதனுடன் ஒப்பிட மிகக் குறைவு. ராடருக்கும் இதே மாதிரித் தொல்லை. மேலிருந்து கீழே பார்க்கும்போது தரையிலிருந்து வரும் எதிரொலிகளுக்குள் இலக்கு மறைந்துபோகும். அதைப் பிரிக்க வேக வித்தியாசத்தைப் பார்க்கும் ராடர்கள், மெதுவாக அசைவதை வீதியில் போகும் வாகனம் என்று தள்ளிவிடவும் கூடும்.

இது இலங்கையில் புதிதாகக் கண்டுபிடித்த சிக்கல் இல்லை. கொரியப் போரில் வட கொரியா, மரமும் துணியும் கொண்டு செய்த சோவியத் போ-2 விமானங்களை இரவில் அனுப்பியது. அவற்றின் உச்ச வேகமே மணிக்கு 150 கிலோமீற்றர். அமெரிக்க ஜெட் விமானிகளுக்கு அவை பெரிய தலையிடி. ஒன்றைச் சுடுவதற்காக வேகத்தைக் குறைத்த எஃப்-94 ஜெட் ஒன்று வானில் தாங்காமல் விழுந்தே போனது. கடைசியில் வேலையை முடித்தது ஒரு பழைய விமானம். கை போர்டலோன் என்ற கடற்படை விமானி, உலகப் போர்க் காலத்துக் கோர்செயார் என்ற பிஸ்டன் விமானத்தில் 1953 ஜூன், ஜூலை இரவுகளில் இப்படித் தொல்லை கொடுத்த பிஸ்டன் விமானங்கள் ஐந்தை வீழ்த்தினார். 1987 மே 28 அன்று 18 வயது மதியாஸ் ருஸ்ட் சின்ன செஸ்னாவில் மொஸ்கோவுக்கே போய் இறங்கினான். வழியில் சோவியத் மிக்-23 ஒன்று பக்கத்தில் வந்து பார்த்தது. கூடவே போக முடியாமல் தாண்டிப் போனது.

கட்டுநாயக்கவில் முதல் குண்டு விழுந்த 2007 மார்ச் 26க்கு முன்பே இவ்வளவும் எல்லாரும் அறிந்த வரலாறு. வன்னியிலிருந்து 240 கிலோமீற்றர் தெற்கே போய், மூன்று விமானப்படையினரைக் கொன்ற அந்தத் தாக்குதலுக்குப் பிறகும் விடை தேடப்பட்டது இன்னொரு வேகமான ஜெட்டில்தான். துப்பாக்கி பூட்டிய, இரவில் பார்க்கும் கருவி உள்ள ஹெலிகொப்டரோ பிஸ்டன் விமானமோ இந்த வேலைக்கு நெருக்கமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. எம்.ஐ-24 ஹெலிகொப்டரின் வேகம் சிலினைவிடக் கூட.

விமானி எப்படி உருவாகிறார்

அந்தக் காலத்தில் இலங்கையில் பறக்கப் பழகிய இளம் அதிகாரி தொடக்கத்தில் ஏறியது பி.ரி-6. சீனத் தயாரிப்பு, பிஸ்டன் எஞ்சின், முன்னும் பின்னும் இரண்டு இருக்கை. முன்னால் மாணவர், பின்னால் ஆசிரியர். அதன் வேகம் சிலினின் வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அடுத்தது கே-8 என்ற பயிற்சி ஜெட். அதற்குப் பிறகுதான் எஃப்-7, கிபிர், மிக்-27 என்ற போர் ஜெட்டுகள். ஆக, செப்டம்பர் 9 இரவு எஃப்-7இல் போன விமானி, தான் தேடிய விமானத்தின் வேகத்தில் பறந்து பழகியவர்தான். மேலே ஏற ஏற அந்த மெதுவான உலகத்தை விட்டு விலகும்படி அமைந்திருந்தது பயிற்சி.

ஒவ்வொரு கட்டத்திலும் சேர்வது வேகம் மட்டும் இல்லை. உடலும் பழக வேண்டும். இறுக்கித் திரும்பும்போது புவியீர்ப்பு ஏழு மடங்காகும் என்றால், 70 கிலோ ஆள் 490 கிலோ ஆகிறார். இரத்தம் கால் பக்கம் இறங்கும். முதலில் நிறம் போகும், பிறகு பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும், பிறகு நினைவு போகும். இதற்கெதிராக ஒரு மூச்சுப் பழக்கம் உண்டு. தொடை, வயிறு, பின்பக்கத் தசைகளைக் கல்லாக இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று விட்டு எடுக்க வேண்டும். அந்த நிலையில் கழுத்தைத் திருப்பி எதிரியைப் பார்க்க வேண்டும், வானொலியில் பேசவும் வேண்டும்.

இரவுப் பறப்பில் காதே எதிரி. உட்காதில் இருக்கும் திரவந்தான் நாம் சாய்கிறோமா நேராக நிற்கிறோமா என்று சொல்வது. ஒரே சீராக இருபது நொடி அளவில் திரும்பிக்கொண்டிருந்தால் அந்தத் திரவம் அடங்கிவிடும். நேராகப் பறப்பதாகவே உடல் சொல்லும். விமானத்தை உண்மையிலேயே நேராக்கினால், மறுபக்கம் திரும்புகிறோம் என்று தோன்றும். பகலில் அடிவானம் பார்த்துச் சரிசெய்யலாம். இரவில் கருவிகளைத்தான் நம்ப வேண்டும். தன் உடல் கத்திச் சொல்வதை ஒதுக்கிவிட்டு ஒரு சின்ன முள்ளை நம்புவதற்குத்தான் நூற்றுக்கணக்கான மணிநேரப் பயிற்சி. போர் விமானிப் பயிற்சியில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்தக் கட்டுப்பாடு.

அந்தக் கால வன்னி இதற்குக் கடினமான இடம். தேசிய மின்சாரம் இல்லாத நிலம். கீழே வீதி விளக்கு இல்லை, ஊர் வெளிச்சம் இல்லை. எங்காவது ஒரு வீட்டு விளக்கு தெரிந்தால் அது நட்சத்திரமா தரையா என்று தெரியாது. நிலவு இருந்தால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்கள் மேலே இருப்பவருக்கு வழி காட்டும். செப்டம்பர் 9 வளர்பிறைக் காலம். அரை நிலவு தாண்டி ஓரிரு நாள். நடுச்சாமம் கழிந்து நிலவு இறங்கிவிடும். மூன்று மணிக்குக் கும்மிருட்டு. தாழப் பறந்தவர்களுக்கும் அதே இருட்டுத்தான். ஆனால் அவர்கள் போனது தாங்கள் அறிந்த நிலத்துக்கு மேலால், மெதுவாக.

பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இதற்கு ஏறத்தாழப் பதினொரு மாதம் முன்பு, 2007 ஒக்டோபர் 22 அன்று, 21 கரும்புலிகள் அநுராதபுர விமானத் தளத்துக்குள் புகுந்தார்கள். பறப்புப் பயிற்சிப் பிரிவு அப்போது அங்கேதான் இருந்தது. ஹெலிகொப்டர்களோடு பி.ரி-6 பயிற்சி விமானங்களும் எரிந்தன. போர் விமானத்தைக் காசு கொடுத்து மாதங்களில் வாங்கலாம். விமானியை உருவாக்க ஆண்டுகள் வேண்டும். பயிற்சி விமானம் எரிந்தால் அந்த ஆண்டுகள் இன்னும் நீளும்.

தரையில் இருக்கும் குரல்

இரவில் இடைமறிக்கப் போகும் விமானி தானாகத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. ராடர் திரைக்கு முன்னால் இருக்கும் கட்டுப்பாட்டாளர், திசை இவ்வளவு, தூரம் இவ்வளவு, இடப்பக்கம் திரும்பு என்று சொல்லிச் சொல்லி இலக்கின் பின்னால் கொண்டுபோய் விடுவார். கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றர்தான் விமானியின் கையில்.

வவுனியாவில் இருந்தது இந்தியா கொடுத்த இந்திரா ராடர். அது தூரத்தையும் திசையையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. தரைக்கும் மரநுனிகளுக்கும் நெருக்கமாகப் போகும் விமானம் அடிக்கடி திரையிலிருந்து காணாமலும் போகும். உயரம் தெரியாமல் ஒரு ஜெட்டை இருட்டில் கீழே இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது தாக்குதலின் வடிவத்தைத் திரும்பப் பாருங்கள். விமானங்கள் வந்த அதே நேரத்தில் ராடர் நிலையத்தின் மேலும் எறிகணை விழுகிறது. விமானியைத் தொட முடியாதவர்கள், விமானிக்கு வழிசொல்லும் குரலைத் தாக்கினார்கள். திட்டமிட்டவர்கள் இந்த வேலையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள்.

அப்படியானால் அன்று ஒன்று விழுந்ததா? சுடும்போது பதிவாகும் கமராப் படம், தரையில் கிடக்கும் சிதைவு, இரண்டில் ஒன்றாவது இல்லாமல் வான்சண்டை வெற்றியை எண்ணக் கூடாது என்பது உலகப் போர்க் காலத்திலிருந்து விமானப்படைகள் கற்றுக்கொண்ட பாடம். நேர்மையான விமானிகளே கூடுதலாக எண்ணியிருக்கிறார்கள். இருட்டில் ஏவுகணை வெடிக்கும் வெளிச்சத்துக்கும் இலக்கு வெடிக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் காண்பது கடினம். அதே ஆண்டு ஒக்டோபர் 28 இரவு மன்னார் தள்ளாடி முகாமும் கொழும்பு களனிதிஸ்ஸ மின்நிலையமும் வானிலிருந்து தாக்கப்பட்டன. 2009 பெப்ரவரி 20 இரவு இரண்டு விமானங்கள் கொழும்புப் பக்கம் வந்தன. இதனால் செப்டம்பர் 9க் கூற்றுப் பொய் என்று ஆகிவிடாது. பறப்பு நின்றுவிடவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

அந்தப் பெப்ரவரி இரவில் இரண்டையும் தரையிலிருந்த விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் வீழ்த்தியதாக அரசு சொன்னது. ஒன்று கட்டுநாயக்கப் பக்கம் விழுந்தது. மற்றது கொழும்பு உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. அங்கே இருவர் இறந்தார்கள், நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். நகரத்துக்கு மேலே சுடப்படும் விமானம் நகரத்தின் மேல்தான் விழும். இடைமறிப்பதானால் காட்டுக்கோ கடலுக்கோ மேலே வைத்து இடைமறிக்க வேண்டும் என்று எல்லா நாட்டு வான்காப்பும் பாடுபடுவது இதனால்தான்.

கீழே இருந்தவர்கள்

வன்னிச் சனத்துக்கு போர் விமானியின் வேலை என்றால் இடைமறிப்பு அல்ல, குண்டு. 1996இல் வந்த கிபிரும் 2000இல் வந்த மிக்-27உம் பெரும்பாலும் பறந்தது அதற்குத்தான். சனமும் பயிற்சி எடுத்தது. கிபிரின் இரைச்சல் வேறு, மிக்கின் இரைச்சல் வேறு என்று சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியும். ஆளில்லா வேவு விமானத்துக்கு வண்டு என்று பேர். மேலே வண்டு சுற்றினால் பின்னால் கிபிர் வரும் என்று முற்றத்தில் நிற்கிறவர்கள் உள்ளே போவார்கள்.

பங்கர் வெட்டுவதிலும் ஒரு முறை இருந்தது. நேராக வெட்டினால் வாசலுக்கு முன்னால் விழும் குண்டின் சிதறல் உள்ளே நேராகப் பாயும். அதனால் எல் வடிவில் வளைத்து வெட்டுவார்கள். மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூடை போட்டு மூடுவார்கள். மழை காலத்தில் உள்ளே தண்ணி நிற்கும், பாம்பும் வரும். பள்ளிக்கூட வளவுகளிலும் பங்கர் இருந்தது. மணி அடித்தால் ஓடி இறங்குவது பாடத்தோடு ஒரு பாடம்.

ஓடுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கும்? கிபிர் மணிக்கு 900 கிலோமீற்றரில், அதாவது நொடிக்கு 250 மீற்றரில் வந்தால், மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் எழும் சத்தம் நம்மிடம் வர ஏறத்தாழ 9 நொடி. விமானம் வர 12 நொடி. கிடைப்பது மூன்று நொடி. பங்கர் வாசலில் நின்றவர் தப்பலாம். அடுப்படியில் நின்றவருக்கு அது போதாது.

அதே நொடிகள்தான் விமானிக்கும். சாய்ந்து இறங்கும் ஜெட்டில் அவர் பார்ப்பது கூரையும் மரமும் குறிக்கோடும். யார் நிற்கிறார்கள் என்று பார்க்க முடியாது. அவர் கற்றது, கொடுத்த இடத்தில், கொடுத்த கோணத்தில், கொடுத்த உயரத்தில் குண்டை விடுவது. அதைத் துல்லியமாகச் செய்தால் பயிற்சி வெற்றி. இடத்தைத் தெரிவு செய்தது வேறொரு அறை.

2006 ஓகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் விழுந்த குண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்று அரசு சொன்னது. நேரில் போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர் அங்கே இராணுவ முகாமுக்கான அடையாளம் காணவில்லை. இறந்தவர்கள் பள்ளி மாணவிகள் என்று யுனிசெப் சொன்னது. குண்டு குறி தவறவில்லை. பறப்பின் பார்வையில் அது சரியாகச் செய்த வேலை. அதனால்தான் இந்த நிகழ்வை விமானியின் திறமையை மட்டும் வைத்து ஆராய முடியாது என்கிறேன்.

இலக்கு இராணுவ இலக்கு அல்ல என்று தெரியவந்தால் தாக்குதலை நிறுத்த வேண்டும் என்பது போர்ச் சட்டம். அந்தக் கடமை விமானிக்கும் உண்டு. ஆனால் நொடிக்கு 250 மீற்றரில் வருகிறவருக்குத் தெரியவருவதற்கே நேரம் இல்லை. வவுனியாவில் ஜெட்டைக் கொண்டுபோய் விட்டது ராடர் முன்னால் இருந்த குரல் என்றால், வன்னிக் கிராமங்களுக்கு மேலே அந்த இடத்தில் இருந்தது வண்டின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மணிக்கணக்காகப் பார்க்க நேரம் இருந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு வளவில் நடப்பது காலைக் கூட்டமா அணிவகுப்பா என்று பிரித்தறியும் பயிற்சி, ஏழு மடங்கு புவியீர்ப்பைத் தாங்கும் பயிற்சியைவிடக் கடினமானது. விமானிக்குக் கொடுக்கும் அத்தனை ஆண்டுகளில் ஒரு பங்கையாவது அந்தக் கதிரையில் இருப்பவருக்கும், அவருக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவருக்கும் கொடுக்க வேண்டும். விமானிகள் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் பதவி பாராமல் பிழை பேசும் அமர்வில் அவர்களும் உட்கார வேண்டும், குண்டு விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்ற தகவலோடு.